நான்காம் அறையின் பதில்

நான்காம் அறையின் போர்டு என் கையில் இருந்தது. அதில் ஒரு ஒயரும் இல்லை. ஆனாலும் லேப்டாப் நான்காம் எண்ணைக் கூப்பிட்டபோது பதில் வந்தது: மூன்று டிகிரி.

பூக்களை வைக்கும் குளிர்கிடங்கு அது. அறைக்கு ஒன்றாகக் குளிரை அளக்கும் மின்னணு போர்டு. எல்லாவற்றையும் இணைப்பது ஒரே ஜோடி ஒயர். அலுவலகக் கணினி ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிடும். கூப்பிட்ட எண் மட்டும் தன் குளிர் எவ்வளவு என்று சொல்லும். மற்றவை வாயை மூடிக்கொண்டிருக்கும். புரோகிராம் என் மனைவி எழுதியது. ஒயர் இழுத்தவன் அவள் தம்பி. அவள் இறந்த பிறகு வேலையில் நானும் அவனும்தான்.

முந்தின நாள் நான்காம் அறையில் குளிரூட்டி நின்றுபோய், ரோஜாக்கள் எல்லாம் கருத்துவிட்டன. திரையில் மட்டும் கடைசிவரை மூன்று டிகிரி.

"எவனோ அதைப் பொய் சொல்ல வச்சிருக்கான்," என்றார் முதலாளி. "உங்க மச்சினன் நேத்து ஏழாம் ரூம்ல தனியா இருந்தான். என்னைப் பாத்ததும் கதவைச் சாத்தினான். நல்லவன் எதுக்குங்க கதவைச் சாத்தணும்?"

"குளிர் வெளிய போயிடும்னு இருக்கும்."

"கிண்டலா? மதியத்துக்குள்ள ஆளைக் காட்டுங்க. இல்லேன்னா அவனை போலீஸ்ல பிடிச்சுக் குடுத்துடுவேன்."

கிண்டல் இல்லை. ஆனால் அந்தக் கதவு என்னையும் உறுத்தியது.

லேப்டாப்போடு ஒவ்வொரு அறையாகப் போய் போர்டின் இணைப்பைப் பிடுங்கினேன். எதைப் பிடுங்கினாலும் நான்கு பேசிக்கொண்டே இருந்தது. மச்சினன் பின்னாலேயே வந்தான்.

"மாமா, ஏழாம் ரூமை நான் பாத்துக்கறேன். நீங்க போய் டீ குடிங்க. காசு நான் தரேன்."

"என்னைக்குடா நீ எனக்கு டீ வாங்கிக் குடுத்திருக்க?"

"இன்னிக்குக் குடுக்கறேனே."

சட்டைப்பையில் இருந்த சின்ன ஸ்க்ரூடிரைவரைக் கையால் மறைத்தான். நான் நடந்தேன். கதவருகே குறுக்கே வந்து நின்றான்.

"தள்ளுடா."

விலகினான்.

ஏழாம் அறை புதிது. கணினியின் பட்டியலில் இன்னும் சேர்க்கவில்லை. அதன் இணைப்பைப் பிடுங்கினேன். நான்கு அடங்கியது. திரும்பச் செருகினேன். மூன்று டிகிரி.

"நாலுன்னு சொல்லிக்கிட்டுப் பேசினது இதுதான். நீ வச்சியா?"

போர்டைப் பார்த்தேன். எண் கொடுக்கும் குட்டி சுவிட்சுகள் எல்லாம் கீழே இருந்தன. எண்ணே போடவில்லை.

"கம்ப்யூட்டர்ல சேக்கறப்ப போட்டுக்கலாம்னு விட்டேன் மாமா. நம்பர் இல்லாதது வாயைத் திறக்காதுன்னு நெனச்சேன்."

"திறக்கக் கூடாதே."

"புரோகிராமைப் பாருங்க."

பார்த்தேன். எண் போடாவிட்டால் நான்கு என்று வைத்துக்கொள், என்று ஒரு வரி. என் மனைவி மேசையில் வைத்துச் சோதித்த போர்டு நான்கு. சோதனை முடிந்ததும் அந்த வரியை எடுத்திருக்க வேண்டும். இத்தனை நாளும் நான்கும் ஏழும் சேர்ந்து பேசியதால் இடையிடையே பதில் குழம்பியது. ஒயர் தளர்ந்திருக்கிறது என்று நினைத்தோம். நேற்று நான்காம் அறையில் மின்சாரம் போனதும் குளிரூட்டியும் போர்டும் ஒன்றாக அணைந்தன. ஏழு மட்டும் தன் மூன்று டிகிரியைத் தெளிவாகப் பேசியது.

"நேத்தே தெரிஞ்சுடுச்சு. நம்பரைப் போட்டு மூடிடலாம்னு உள்ள வந்தேன். அதுக்குள்ள அவர் வந்துட்டாரு."

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"நம்பர் போட நான் மறந்தேன்னே சொல்லிடுங்க மாமா. அக்கா பேரு வேணாம்."

கதவு திறந்தது. முதலாளி.

"மாமனும் மச்சானும் என்ன ரகசியம்? யாரு?"

மச்சினன் வாயெடுத்தான். நான் முந்திக்கொண்டேன்.

"இவன் ஒண்ணும் பண்ணல. புரோகிராம்ல ஒரு வரி தப்பு. எழுதினது என் மனைவி."

"இவனைக் காப்பாத்த பொண்டாட்டி தலையில கட்டறீங்களா?"

சுவிட்சுகளில் ஏழு போட்டேன். நான்கு அடங்கியது. எல்லாவற்றையும் கீழே தள்ளினேன். நான்கு பேசியது. அவர் என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரி. அப்ப அவங்களையே வரச் சொல்லுங்க. வந்து சரி பண்ணட்டும்."

மச்சினன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நான் பண்றேன்," என்றேன்.

அந்த வரியை அழித்தேன். ஏழின் போர்டில் ஏற்றினேன். நான்காம் எண்ணைக் கூப்பிட்டேன். பதில் இல்லை.

"இன்னொரு தடவை கூப்பிடுங்க," என்றார் முதலாளி.

கூப்பிட்டேன்.