அவன் இன்னும் முடிக்கல

பக்கவாசலை ஒரு அம்மா மறித்துக்கொண்டு நின்றாள்.

நிஜ அம்மா இல்லை, ஃப்ளெக்ஸ் அம்மா. இடுப்பளவு வெள்ளம், தோளில் ஒரு பிள்ளை, மார்போடு சேர்த்து இன்னொரு பிள்ளை. வாசல் நிலையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இழுத்துக் கட்டியிருந்தார்கள். கீழே கொட்டை எழுத்தில், ‘உலகமெங்கும் துன்புறும் தாய்மாரையும் பராமரிப்பாளரையும் நினைவுகூருவோம்.’

சித்தி சக்கர நாற்காலியை நிறுத்தினாள். படி ஏறாமல் ஆலயத்துக்குள் போக இருந்த ஒரே வழி அந்தப் பக்கவாசல்தான். அதைத்தான் பார்த்துப் பார்த்து மறித்துக் கட்டியிருக்கிறார்கள்.

“சித்தி... அந்தம்மாகிட்ட... கொஞ்சம் நகரச் சொல்லேன்” என்றான் நாற்காலியில் இருந்த மைனர்.

அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. சலவைச் சட்டை, சென்ட், சீவிய தலை என்று எதிலும் குறை வைக்காததால் தெருவே அவனை மைனர் என்றுதான் கூப்பிடும். பிறவியிலேயே கை கால் சொன்ன பேச்சைக் கேட்காது. நாக்கும் அப்படித்தான், இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நின்று மூச்சை இழுத்துக்கொள்ளும். மூளை மட்டும் எல்லோருக்கும் முன்னால் ஓடும். அவனைப் பெற்ற அக்கா கண்ணை மூடியபோது அவன் கைக்குழந்தை. அப்பன்காரன் துணி எடுத்து வருகிறேன் என்று போனவன், எந்த ஊர்த் துணியோ, இன்னும் எடுத்து முடிக்கவில்லை. தையல் மெஷினுக்குப் பக்கத்தில் தூளி கட்டி வளர்த்தவள் சித்தி. கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம் தூளியைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போனார்கள்.

இன்றைக்கு ஆலயத்தில் தாய்மார் ஞாயிறு. உலகத் தாய்மாருக்கான மன்றாட்டை மைனர் வாசிக்கிறான். போதகரே வீட்டுக்கு வந்து கேட்டுவிட்டுப் போனார். இதுவரை அவனுக்காக ஜெபித்தவர்கள் எத்தனையோ பேர். அவனை ஜெபிக்கச் சொன்னவர் யாருமில்லை. அன்றிலிருந்து காகிதத்தை மடியை விட்டு இறக்காமல், சோறு ஊட்டும்போதுகூட வாசித்துக்கொண்டிருந்தான். அவன் அதை முதலிலிருந்து கடைசி வரை வாசித்து முடிக்க வேண்டும். சித்திக்கு இன்றைக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

செயலாளர் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் ஓடி வந்தார். “என்ன டெய்லரம்மா, இப்பத்தான் வர்றீங்க! முன்வாசல் பக்கம் வாங்க. நாலு பசங்களை நிக்க வச்சிருக்கேன். அலேக்காத் தூக்கிடுவாங்க.”

“நான் என்ன... பீரோவா?” என்றான் மைனர்.

“தம்பி என்ன சொல்றான்?”

“தூக்க வேணாம்ங்கறான். போன தடவை தூக்கும்போது சட்டை மார்பு வரைக்கும் ஏறிடுச்சு. இழுத்துவிட ஒருத்தன் இல்ல. போட்டோ எடுக்க மட்டும் பத்துப் பேர். இந்த ஃப்ளெக்ஸை அவுத்து விடுங்கண்ணே.”

“ஐயையோ! விருந்தினர் இதுக்கு முன்னாடி நின்னு போட்டோ எடுக்கணுமே. ஆராதனை முடியட்டும்மா.” செயலாளருக்குத் திடீரென்று முகம் மலர்ந்தது. “ஒண்ணு பண்ணலாமா? மைக்கை வயரோட வெளிய நீட்டிடறேன். தம்பி இங்கருந்தே வாசிக்கட்டும். படத்துக்குப் பின்னாடியிருந்து குரல் வந்தா எஃபெக்டும் அமோகமா இருக்கும்.”

சித்திக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. பதில் பேசினால் ஆலய வாசலில் பேசக்கூடாத வார்த்தை வந்துவிடும். பைக்குள் கைவிட்டாள். துண்டு, உறிஞ்சுகுழல், மாற்றுச் சட்டை, அடியில் கத்தரிக்கோல். இந்தப் பக்கம் இரண்டு கயிறு, அந்தப் பக்கம் இரண்டு கயிறு. நறுக், நறுக். வெள்ளத்தில் நின்ற அம்மா முகம் குப்புற விழாமல் பிடித்து, பதமாகச் சுருட்டி, வாய் பிளந்து நின்ற செயலாளர் கையில் கொடுத்தாள்.

“பத்திரமாப் பிடிங்கண்ணே. பாவம், ரெண்டு பிள்ளைக்காரி.”

நாற்காலி உள்ளே உருண்டது. மைனர் சிரித்த சிரிப்பில் காலே உதறியது.

பாட்டு முடிந்து, விருந்தினர் பேசி, “தாய்மார்கள் எல்லாரும் எழுந்து நில்லுங்க” என்றார் போதகர். பெஞ்சுகள் கிறீச்சிட்டன. ஆளுக்கொரு ரோஜா. சித்தி வழக்கம்போல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் எழுந்து நின்ற பெண் குனிந்து, “நீயும் நில்லேன், யாரு கேக்கப் போறா?” என்று கிசுகிசுத்தாள்.

“யாரும் கேக்கலங்கறதுதான்க்கா கோவம்.”

அடுத்து செயலாளர் மைக்கைப் பிடித்தார். “இந்த வருஷம் புதுசா, பராமரிப்பாளர்களையும் கௌரவிக்கறோம். போதகர் ஐயாவோட யோசனை. நம்ம பராமரிப்பாளர்கள் மேடைக்கு வரணும்!”

மூன்று ஆண்கள் எழுந்து போனார்கள். ஒருவர் ஜெனரேட்டர் பார்ப்பவர். ஒருவர் குழாய் ரிப்பேர். மூன்றாமவர் ஆலயத்துக்கு வெள்ளையடிக்கிறவர். கைதட்டல் பாதியில் தடுமாறியது. போதகர் கையை உயர்த்தி ஏதோ முனகினார்.

“ஐயா, கட்டடப் பராமரிப்புக் கமிட்டின்னுதானே நம்ம கணக்குலயே இருக்கு?” என்று செயலாளர் கேட்டது மைக்கில் தெளிவாக விழுந்தது.

“கட்டடம் இல்ல, மனுஷங்க! வீட்டுல நோயாளிகளைப் பாத்துக்கறவங்க!”

“அடடே! அப்ப... அப்ப நம்ம டெய்லரம்மாகூட வரலாமே! வாங்கம்மா!” ரோஜாக் கூடையைத் தடவினார். காலி. “ரோஸ் அப்புறம் தர்றோம்.”

சித்தி அசையவில்லை. ஜெனரேட்டர்காரர் நெளிந்துகொண்டே வந்து தன் ரோஜாவை நீட்டினார். “எனக்கெதுக்கும்மா, நீங்க வச்சுக்கங்க.”

“நீங்களே வச்சுக்கங்கண்ணே. உங்க மெஷினாவது கூப்பிட்ட உடனே வேலை செய்யுது” என்றாள். அவர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் போனார். மைனர் மட்டும் வெள்ளையடிப்பவரைக் காட்டி, “சித்தி... உனக்கும் ஒரு கோட்... அடிக்கச் சொல்லவா?” என்றான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மன்றாட்டு நேரம் வந்தது. வாசிப்பு மேடைக்கும் இரண்டு படி. நாற்காலியைக் கீழேயே நிறுத்தி மைக்கைத் தாழ்த்தினார்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் முடிந்ததும் சபையார் ‘ஆண்டவரே, செவிகொடும்’ என்று சொல்வது அங்கே முறை. வாசிப்பவர் நிறுத்தினால் சபை ஆரம்பிக்கும். பழகிப் பழகி வாய் தானாகத் திறக்கும்.

மைனர் காகிதத்தை முழங்கையால் அழுத்திக்கொண்டான்.

“போர் நடக்கும் நாடுகளிலே...” மூச்சை இழுத்தான்.

“ஆண்டவரே, செவிகொடும்!” என்றது சபை.

மைனர் திகைத்து, மறுபடி பிடித்தான். “தங்கள் பிள்ளைகளை... அணைத்துக்கொண்டு...”

“ஆண்டவரே, செவிகொடும்!”

சபை இரண்டு முறை ஆண்டவரைக் கூப்பிட்டாகிவிட்டது. ஒரு தாய்கூட இன்னும் வாக்கியத்துக்குள் வந்து சேரவில்லை. பின் பெஞ்சில் யாரோ களுக்கென்றார்கள். மைனரின் கழுத்து நரம்பு புடைத்தது. முதலிலிருந்து ஆரம்பித்தான். மறுபடியும் அவன் மூச்சு வாங்கும் இடத்தில் சபை விழுந்தது. அவன் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. விருந்தினர் வாட்சைப் பார்த்தார். போதகர் காலணியைப் பார்த்தார். செயலாளர் குனிந்து, “குடு தம்பி, நல்லாத்தான் வாசிச்சே. மிச்சத்தை அண்ணன் முடிச்சிடறேன்” என்று காகிதத்தை உருவினார்.

சித்தி எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. செயலாளரின் மணிக்கட்டு அவள் கைக்குள் இருந்தது. துணி வெட்டி வெட்டி இறுகிய கை. அவர் விரல்கள் தாமாக விரிந்தன. காகிதத்தை எடுத்து, கசங்கலை நீவி, மைனர் மடியில் வைத்தாள். பிறகு சபையைப் பார்த்துத் திரும்பினாள்.

“அவன் இன்னும் முடிக்கல.”

மைக் தேவைப்படவில்லை.

“எங்கயோ வெள்ளத்துல நிக்கறவளுக்காக அழ வந்திருக்கீங்க. இங்க ஒருத்தன் மூச்சு விடற நேரம் உங்களால பொறுக்க முடியல. இவனுக்கு ஒரு வாய் சோறு இறங்க எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா? ஒரு நாளாவது வந்து பாத்திருக்கீங்களா? ஜெபம் மட்டும் உங்க வேகத்துக்கு ஓடணுமா?”

“டெய்லரம்மா, இது ஆலயம்...” என்றார் செயலாளர்.

“தெரியுதுண்ணே. அதான் இவ்வளவு மரியாதையாப் பேசறேன்.” வலது கையைத் தலைக்கு மேல் தூக்கினாள். “என் கை கீழ வந்தா சொல்லுங்க. அதுவரைக்கும் ஒரு வாய் திறக்கக் கூடாது. நீ வாசிடா.”

சபை மூச்சைப் பிடித்துக்கொண்டது.

“போர் நடக்கும் நாடுகளிலே... தங்கள் பிள்ளைகளை... அணைத்துக்கொண்டு... ஒளிந்திருக்கும்... தாய்மாருக்காக.”

கை இறங்கியது. “ஆண்டவரே, செவிகொடும்.” இந்த முறை குரல்கள் தணிந்து வந்தன.

கை ஏறியது. “அடுத்தவர் வீட்டுப் பிள்ளைகளை... வளர்க்கக் கடல் கடந்து போய்... தங்கள் பிள்ளையின் முகத்தை... போனில் மட்டும்... பார்க்கிறவர்களுக்காக.” ரோஜாவோடு உட்கார்ந்திருந்த ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சித்தியின் கோபம் அதைப் பார்த்தும் இறங்கவில்லை. அழறது சுலபம், வந்து ஒரு பொழுது பாத்துக்கோயேன் என்று உள்ளே கனன்றது.

கடைசி விண்ணப்பம். “நோயாளிகளின் பக்கத்தில்... தூங்காமல் இருக்கும்... பராமரிப்பாளருக்காக...” மைனர் நிறுத்தினான். சித்தி கையை இறக்கப் போனவள் அவன் முகத்தைப் பார்த்தாள். காகிதத்தில் அதற்கு மேல் ஒரு எழுத்து இல்லை என்று அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். ஆனால் திருட்டுப் பயல் வாயை மூடவில்லை. இன்னும் ஏதோ வரப்போகிறது என்பதுபோல் சபையையே நிதானமாக, ஒவ்வொரு பெஞ்சாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

விருந்தினர் இருமலை அடக்கினார். செயலாளர் எச்சில் விழுங்கினார். யாரும் வாய் திறக்கவில்லை. தோள்பட்டை கடுத்தது.

சித்தி கையை இறக்கவில்லை.