அரை டிக்கெட்

“உனக்கு நெஜமாவே பத்தொம்பது வயசா?”

கோளரங்கத்தின் இருட்டில், பக்கத்து நாற்காலியில் இருந்த வனஜா காதோரம் கேட்டாள். அவள் மாப்பிள்ளையின் அக்கா. இளவேனில் அண்ணாந்து பார்த்தாள். தலைக்கு மேலே நட்சத்திரங்கள் சுழன்றன. கன்னடத்தில் ஒரு குரல் அவற்றின் வயதைச் சொல்லிக்கொண்டிருந்தது.

பெண் பார்ப்பதை இளவேனில் வீட்டில் வைத்தால் பொம்மனஹள்ளியில் அக்கம்பக்கத்து வாய் சும்மா இருக்காது. கோளரங்கத் தோட்டத்தில் அன்று மாலை வீணைக் கச்சேரி. முதலில் உள்ளே ஒரு காட்சி, பிறகு கச்சேரி, கூட்டத்தோடு கூட்டமாகப் பேசி முடித்துவிடலாம் என்று மாப்பிள்ளை வீட்டார்தான் சொன்னார்கள். மாப்பிள்ளை அஷ்வினுக்கு பொம்மசந்திராவில் கம்பெனி வேலை.

எல்லாம் டிக்கெட் ஜன்னலிலேயே கெடப் பார்த்தது. இளவேனிலின் அப்பா எத்திராஜுக்கு எங்கே போனாலும் மகளுக்கு அரை டிக்கெட் கேட்டுப் பழகிய வாய். “ரெண்டு ஃபுல்லு, ஒரு ஹாஃபு. பொண்ணுக்குப் பதினஞ்சுதான் சார்” என்று சொல்லிவிட்டார்.

மாப்பிள்ளையின் அம்மா பின்னாலேயே நின்றிருந்தாள். “என்னங்க சம்மந்தி, எம் பையனுக்கு அரை டிக்கெட்டையா குடுக்கறீங்க?”

“அட, நம்ம பாப்பா ஒல்லியா இருக்குதே, அந்த ஆள ஏமாத்திப் பாக்கலாம்னு அடிச்சு விட்டேங்க!”

“கெட்டிக்காரர்தான் போங்க!”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் வாயில் வந்த ஒரே உண்மையும் பொய்க் கணக்கில் போய்விட்டது. வனஜா மட்டும் சிரிக்கவில்லை.

அந்த முகத்தை நம்பித்தான் இளவேனில் இப்போது இருட்டில் வாய் திறந்தாள். “பதினஞ்சுதான்க்கா. ஒம்பதாவதோட நிறுத்திட்டாங்க. எனக்குக் கல்யாணம் வேணாம்க்கா. நீங்க சொன்னா நின்னுடும்.”

வனஜா அவள் கையைப் பிடித்தாள். விளக்குப் போடும்வரை விடவில்லை.

வெளியே புல்வெளியில் ஜமக்காளம் விரித்திருந்தார்கள். மேடையில் வீணைக்குச் சுருதி சேர்க்கும் சத்தம். மாப்பிள்ளையின் அம்மா பையிலிருந்து மல்லிகைச் சரத்தை எடுத்தாள். “எங்களுக்குப் புடிச்சிருக்கு. வனஜா, நீ என்ன சொல்றே?”

வனஜா தம்பியைப் பார்த்தாள். புருஷனை விட்டு வந்த நாளிலிருந்து அவளுக்குத் தம்பி வீட்டில்தான் சோறு.

“இவள என்ன கேக்கறது? தன் வாழ்க்கையவே பாக்கத் தெரியாம வந்து நிக்கறா” என்றான் அஷ்வின். “பூவ வைம்மா.”

“குனி” என்று இளவேனிலின் அம்மா அவள் பிடரியை அழுத்தினாள். தலையில் பூ ஏறியது.

“அக்கா” என்று இளவேனில் வாய்விட்டே கூப்பிட்டாள்.

வனஜா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். இளவேனிலைத் திரும்பிப் பார்க்காமல், வந்துகொண்டிருந்த கூட்டத்துக்கு எதிராக வாசலைப் பார்த்து நடந்தாள்.