மெலித்தாவின் கல்லறையில் ஓர் இடம்

நகர வாசலுக்கு வெளியே, கல்லறைகள் வரிசையாக நின்ற சாலையில், மெலித்தாவின் கல்லை முடிக்கும் தறுவாயில் இருந்தான் கல்தச்சன் ஸோசிமோஸ். அவள் தேமேத்தர் தேவியின் பூசாரியாக இருந்தது, குளியல்கூடத்துக்கு எண்ணெய் வழங்கியது, ஊர்ச்சபை பொன்முடி சூட்டியது, எல்லாம் கல்லில் ஏறியிருந்தன. அப்பாவும் பாட்டனும் வகித்த பதவிகள்கூட இருந்தன. கணவன் தியோனின் பெயர்தான் இல்லை.

கல்லருகே நின்ற தியோன் கடைசி வரிகளை மறுபடி படித்தான். ஹெர்மியாஸ், அவர் மனைவி, மகள், அவர்கள் வீட்டில் வளர்ந்த அடிமைப் பிள்ளைகள் மட்டுமே இதற்குள் வைக்கப்படலாம். வேறு யாரை வைத்தாலும் பேரரசரின் கருவூலத்துக்கு அபராதம்.

"மாமா, நான் செத்தா எங்க போறது?"

மெலித்தாவின் அப்பா ஹெர்மியாஸ் திரும்பவில்லை. "உங்கப்பன் கருவாடு ஏத்தின துறைமுகத்துல இடமா இல்ல?"

"அவளுக்கு இருட்டுன்னா பயம் மாமா. விளக்கு அணைஞ்சா என் கையைத்தான் தேடுவா."

"அந்தக் கைதான்டா அவளைக் கொன்னுது. இன்னொரு பிரசவம் தாங்கமாட்டான்னு மருத்துவச்சி தலைப்பாடா அடிச்சுக்கிட்டா."

"குழந்தை வேணும்னு அவதான் கேட்டா..."

"செத்தவ மேல பழி போடாத!"

தியோன் கல்தூசியிலேயே மண்டியிட்டான். மாமனாரின் முழங்காலைப் பிடித்துக்கொண்டான்.

"வீட்டுல வளர்ந்த பிள்ளைங்கன்னு போட்டிருக்கீங்களே, அதுல என்னையும் சேத்துடுங்க."

ஸோசிமோஸின் உளி நின்றது.

"புத்தி கெட்டுப்போச்சா? போறவன் வர்றவன் எல்லாம் உன்னை அடிமைன்னு படிப்பான். அப்புறம் சபையில எவன்டா உன் பக்கத்துல உட்காருவான்?"

"சபையில மெலித்தா இல்லையே மாமா."

இவன் பயந்து எழுந்துவிடுவான் என்று நினைத்தாரோ என்னவோ, ஹெர்மியாஸ் தச்சனிடம் கத்தினார். "வெட்டுடா! ஹெர்மியாஸ் வீட்டில் வளர்ந்த தியோன்னு வெட்டு!"

தியோன் எழவில்லை. உளி இறங்கியது. அவன் பெயர் முடிந்தபோது ஹெர்மியாஸ் மேல்துணியால் முகத்தை மூடியிருந்தார். முழங்காலைப் பிடித்த கையை மட்டும் அவர் விலக்கவில்லை.

ஸோசிமோஸ் தயங்கினான். "ஐயா, உயிரோட இருக்கறவங்க பேர் பக்கத்துல 'வாழ்கிறான்'னு போடறது வழக்கம். இவருக்கும் போடட்டுமா?"

தியோன் வேண்டாம் என்று தலையசைத்தான்.

"போடு," என்றார் ஹெர்மியாஸ், துணிக்குள்ளிருந்து. "எனக்கும் அதே பொய்யைத்தானே போட்டிருக்க."