பதினேழாம் நம்பர் வீடு

“உள்ள வராதீங்க சார். அம்மாவால முடியல.” சிந்துஜா கேட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே அம்மாவின் ஆபீஸ் கிளார்க் ராபர்ட், மழையில் நனையாமல் ஃபைலைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு நின்றார். “தெரியும்மா. இன்னைக்கே சைன் வாங்கிட்டு வரச் சொல்லிட்டாங்க. நான் என்ன பண்ணட்டும்?”

“யாரு, ராபர்ட்டா? உள்ள வரச் சொல்லு.” அறையிலிருந்து அமராவதியின் குரல் வந்தது. இரண்டு நாளாக அந்தக் குரலே எழும்பவில்லை.

கடலூரில் ஏழைகளுக்கு வீட்டுக்கடன் தரும் திட்டத்துக்கு அமராவதி மேலாளர். கடனில் கட்டும் ஒவ்வொரு வீட்டையும் நேரில் பார்த்து, ‘வேலை முடிந்தது’ என்று அவள் கையெழுத்துப் போட வேண்டும். உப்பனாற்றங்கரையில் கட்டிய நாற்பது வீடுகளுக்கு ஏழு மாதமாக அவள் போடவில்லை. போட்டால் காண்டிராக்டருக்குக் கடைசித் தவணை போய்விடும். ஒழுகும் வீட்டுக்கு அங்கிருக்கும் பெண்கள் பதினைந்து வருஷம் கடன் கட்டுவார்கள். ஈரலில் புற்று என்று தெரிந்த பிறகும், வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஏணி ஏறித் தளத்தைப் பார்த்துவிட்டு வந்தாள்.

“போட்டுத் தொலைம்மா, எதுக்கு இந்த வம்பு?” என்று போன மாதம் சிந்துஜா கேட்டிருந்தாள்.

இப்போது ராபர்ட் உள்ளே வந்ததும், அமராவதி தலையணைக்கு அடியிலிருந்து நான்கு தாள்களை எடுத்தாள். வீடு வீடாகத் தன் கையால் எழுதியவை. கடைசித் தாளில் ‘ஒப்புதல் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

“மணி என்ன ராபர்ட்?”

“பத்து அம்பது மேடம்.”

அதையும் எழுதினாள். பிறகு மகளைப் பார்த்தாள். “நாப்பது செட்டு ஜெராக்ஸ் எடுத்துட்டு வா.”

“இப்பவா? உன்ன இப்படி வுட்டுட்டா?”

“நான் இருக்கறவரைக்கும் ஃபைல் காணாமப் போவாது. அப்புறம் போயிரும். கெளம்பு.”

கடையில் கரண்ட் இல்லை. கரண்ட் வந்ததும் சிந்துஜா ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். ராபர்ட் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். அம்மாவின் கண்களை அவர்தான் மூடியிருந்தார்.

“சிந்து வந்துட்டாளான்னு கேட்டாங்க,” என்றார். “வந்துட்டாங்கன்னு சொல்லிட்டேன்.”

மறுநாள் காலை காண்டிராக்டர் ஆளுயர மாலையோடு வந்தார். சிந்துஜாவை ஓரமாக அழைத்தார்.

“அம்மா மருந்து மயக்கத்துல ஏதோ எழுதிட்டாங்களாம். அந்தப் பேப்பரக் குடுத்துட்டா, அவுங்க பேரு கெடாம முடிச்சுக்கலாம்.”

“மயக்கத்துல இருக்கறவங்க மணி கேட்டு எழுதுவாங்களா? மாலைய எடுத்துக்கிட்டு வெளிய போங்க.”

“பொணத்த வெச்சுக்கிட்டு ஆபீஸ் பேச்சு எதுக்கு?” சிதம்பரத்திலிருந்து வந்திருந்த சபாபதி மாமா கையைப் பிடித்தார். “வண்டி வந்துருச்சு, எடுக்கணும்.”

“எடுக்கலாம் மாமா. செத்த இருங்க.”

பந்தலில் ஆற்றங்கரைப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சிந்துஜா உள்ளே போய் ஜெராக்ஸ் கட்டைக் கொண்டுவந்து, ஆளுக்கொரு செட்டாகக் கொடுத்துக்கொண்டே போனாள். செல்லாயி என்கிற பெண் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எனக்குப் படிக்கத் தெரியாது கண்ணு. எங்க வூடு பதினேழாம் நம்பரு. அம்மா என்னா எழுதியிருக்காங்க?”

சிந்துஜா அம்மாவின் தலைமாட்டில் நின்று உரக்கப் படித்தாள். “பதினேழாம் நம்பர், செல்லாயி. வடக்குச் சுவரில் விரிசல், என் விரல் உள்ளே போகிறது. மூன்று இடத்தில் ஒழுகுகிறது. குடியிருக்கத் தகுதியில்லை.”

“இன்னொரு தபா படி.”

படித்தாள். அழுகைச் சத்தம் நின்றிருந்தது. பின்வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்தாள்.

“இருவத்திமூணு எங்களுது.”

தெருவில் உறுமிக்கொண்டிருந்த வண்டியின் இன்ஜினை டிரைவர் அணைத்தார்.