அத்தை வந்த மதியம்

அத்தை வரப்போகிறாள் என்று அந்த வீட்டில் ஒரு மாதமாகவே அமர்க்களம். அத்தை என்றால் ரத்த சொந்தம் இல்லை. சொல்லப்போனால் மனுஷியே இல்லை. ஒரு சாப்பாட்டு மேசை அளவுக்கு உடம்பும், இரண்டு பக்கமும் விரித்த தகடுகளும், தலையில் கவிழ்த்த தட்டு ஒன்றும் உள்ள பழைய விண்கலம். சூரியனைத் தன்னந்தனியாகச் சுற்றி வருவது அதன் வேலை. அது பூமியை விட்டுக் கிளம்பியபோது குடை அக்கா பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தாள். கோபித்துக்கொண்டு போன அத்தை மாதிரி எங்கெங்கோ அலைந்துவிட்டு, இப்போதுதான் முதல் தடவையாகப் பிறந்த வீட்டுப் பக்கம் தலைகாட்டுகிறது. அதனால்தான் அந்தப் பெயர்.

குடை அக்கா என்று அடுக்குமாடிக்காரர்கள் அவளைக் கூப்பிட்டதற்கும் காரணம் இருந்தது. அவளுக்குத் தொழில் தையல். ஜன்னல் திரை, சோபா உறை, விளக்குக் கூண்டுக்குத் துணி, எல்லாம் தைப்பாள். ஒருநாள் ஏதோ ஒரு பத்திரிகையில் ஒரு படம் பார்த்தாள். வெள்ளை அங்கியும் தலை உறையும் போட்ட ஒரு பெண், இவளுடையதைப் போன்ற ஒரு தையல் மெஷினில் குனிந்து, தங்க நிறத்தில் எதையோ தைத்துக்கொண்டிருந்தாள். விண்கலத்துக்குக் குளிர் தாக்காமல் இருக்கப் போர்வையாம். 'அட, இதுவும் நம்ம வேலைதானா!' என்று அன்றைக்கு அவளுக்குத் தூக்கிப்போட்டது. ராக்கெட் என்றால் பெரிய பெரிய படிப்பு படித்தவர்கள் சமாச்சாரம் என்று நினைத்திருந்தவள், வியாழன் வரைக்கும் சனி வரைக்கும் ஊசி நூல் போயிருக்கிறது என்று தெரிந்ததும் விடுவாளா? கிடைத்ததை எல்லாம் படித்தாள். அத்தையின் ஞாபக சக்தி இன்றைய துணி துவைக்கும் மெஷினைவிடக் குறைச்சல், அவளுடைய குரலின் பலம் ஃபிரிட்ஜுக்குள் எரியும் பல்பு அளவுதான் என்றெல்லாம் தெரிந்துகொண்டாள். அந்தப் பல்பு வெளிச்சத்தை வைத்துக்கொண்டு கோடிக்கணக்கான மைல் தாண்டிப் பேசுகிறாளே என்று நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு சிலிர்க்கும். தைத்துக்கொண்டிருக்கும் திரை கோணலாகப் போகும்.

படித்ததோடு நின்றிருந்தால் யாருக்கும் தொல்லை இல்லை. மூடிவிட்ட ஓட்டல் ஒன்றின் தோட்டத்துக் குடையை வாங்கி வந்து, துணியைக் கிழித்துவிட்டு, மெல்லிய கம்பி வலையை விளக்குக் கூண்டுக்கு வெட்டுவதுபோல வெட்டி, கம்பியோடு கம்பியாக வைத்துத் தைத்தாள். கால் உடைந்த சுழல் நாற்காலியில் அதை மல்லாத்திக் கட்டி மொட்டைமாடியில் நிறுத்தினாள். அதுதான் அத்தையின் குரலைப் பிடிக்கும் வலை.

வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். எல்லாரும் மாஸ்டர் என்பார்கள். பிறத்தியார் ஓட்டும் வண்டியில் உட்கார்ந்து உட்கார்ந்து, வீட்டு நாற்காலியில் இருந்தாலும் வலது கால் பிரேக்கைத் தேடும். அன்று காலை செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"உங்க அத்தை எத்தனை மணிக்கு வர்றாங்க? சாப்பாடு போடணுமா, வந்த கையோட கிளம்பிடுவாங்களா?"

"அவங்களுக்கு வெயில் மட்டும் போதும். உங்க தங்கச்சி மாதிரி வந்ததும் என் உயிரை வாங்க மாட்டாங்க."

"அடேயப்பா! இந்தப் பேச்சை அவ முன்னாடி பேசு பாப்போம்."

பேச மாட்டாள். மாஸ்டரின் தங்கச்சி, அதாவது அவளுடைய நாத்தனார், கீழ்த்தளத்தில் இருந்தாள். அந்தக் கட்டிடத்துக்கே செயலாளர். மொட்டைமாடி, தண்ணீர் மோட்டார், மின்சார அறை எல்லாச் சாவியும் அவள் இடுப்பில். மொட்டைமாடி பொது இடம், துணி காயப்போட இடமில்லை, அந்தக் குடையை எடுத்தாக வேண்டும் என்று கூட்டம் போட்டுத் தீர்மானமே நிறைவேற்றிவிட்டாள். அண்ணன் பெண்டாட்டி என்பதற்காக அன்று சாயங்காலம் வரை தவணை கொடுத்திருந்தாள்.

சாயங்காலத்துக்கு மேல் குடை இருந்தும் பிரயோஜனமில்லை. அத்தைக்கு எரிபொருள் தீர்ந்துவிட்டது. இந்தத் தடவை பூமியைத் தாண்டும்போது அன்று மதியமே அதன் குரலை நிறுத்திவிடப்போவதாக அதை நடத்துபவர்கள் அறிவித்துவிட்டார்கள். கேட்டால் இன்றைக்குக் கேட்க வேண்டும். விட்டால் விட்டதுதான். ஒரு வாரமாக நாற்காலியைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தும் அவளுக்கு ஒன்றும் சிக்கியிருக்கவில்லை.

மதியம் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில், குடையிலிருந்து ஒயர் இழுத்துச் செருகிய லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். திரையில் நீலப் புள்ளிகள் மழைபோல மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். ஏதாவது சிக்னல் வந்தால் அந்த மழைக்குள் ஒரு வெள்ளைக் கோடு விழும். அந்தக் கோட்டைப் பார்த்து ஆள் யாரென்று சொல்ல ஒரு வழி இருக்கிறது. நம்மைத் தாண்டிப் போகும் ஆம்புலன்ஸின் சத்தம் எப்படி இழுபட்டு இறங்குகிறதோ, அப்படித்தான் வானத்தில் ஓடுகிற பொருளின் சிக்னலும் இழுபடும். ஆகவே அதன் கோடு சாய்ந்து விழும். நம் வீட்டு டிவி, பக்கத்து வீட்டு மெஷின் இவையெல்லாம் இருக்கிற இடத்தில் இருப்பதால் அவற்றின் கோடு விறைப்பாக நேராக நிற்கும். சாய்ந்தது வானம், நின்றது வீடு. இதை அவள் மந்திரம்போல மனப்பாடம் செய்து வைத்திருந்தாள்.

நீல மழைக்குள் கோடு விழுந்தது. ஒன்றில்லை, இரண்டு. ஒன்று விறைப்பாக நின்றது. அதன் பக்கத்திலேயே இன்னொன்று மெல்லச் சாய்ந்துகொண்டே இறங்கியது.

"அத்தை!" என்று கத்திவிட்டாள். தொட்டி மேல் உட்கார்ந்திருந்த புறாக்கள் பறந்தன. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். குரலைக் காதால் கேட்கலாம் என்று ஒலியைத் திறந்தால், அந்த விறைப்புக் கோடு நடுவில் புகுந்து 'ஙீ' என்று அலறியது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு எல்லாப் போட்டோவிலும் விழுகிற ஆள் மாதிரி அது நகரவே இல்லை.

வீட்டில் எந்தச் சனியனோ சத்தம் போடுகிறது, அதைப் பிடித்து நிறுத்தினால் அத்தையைத் தெளிவாகக் கேட்கலாம் என்று படிகளில் இறங்கி ஓடினாள். ஃபிரிட்ஜைப் பிடுங்கினாள். மேலே ஓடி வந்து பார்த்தாள். கோடு மறையவில்லை, விறைப்பாகவே நின்றது. கீழே ஓடி இணையப் பெட்டியைப் பிடுங்கினாள். நின்றது. எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, "கொஞ்ச நேரம் டிவியை நிறுத்துங்களேன், எங்க அத்தை பேசறது கேக்கல" என்றாள். அவர்கள் பதறிப்போய் நிறுத்தினார்கள். அப்போதும் நின்றது. நேரம் வேறு ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் நாத்தனார் வீட்டு வாசலில் போய் மூச்சிரைக்க நின்றாள்.

"மெயினை ஒரு நிமிஷம் நிறுத்தேன். உனக்குப் புண்ணியமாப் போகும்."

"என்னது? மொத்தக் கட்டடத்துக்குமா? நல்லா இருக்கே அண்ணி! என் மெஷின்ல துணி பாதியில சுத்திக்கிட்டு இருக்கு."

"ஒரே நிமிஷம். அப்புறம் நீ சொல்றதுக்கு முன்னாடி நானே குடையைக் கழட்டிடறேன். சத்தியமா."

நாத்தனார் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். வியர்த்து ஊற்றி, தலை கலைந்து, கழுத்தில் அளவு நாடா தொங்க நின்றவளைப் பார்த்து என்ன தோன்றியதோ, இடுப்புச் சாவியை எடுத்தாள். "மேல போங்க. நிறுத்திட்டு நானும் வர்றேன். அப்படி யாரு வந்திருக்காங்கன்னு நானும் பாக்கறேன்."

குடை அக்கா மேலே போய்ச் சேரவும் மின்சாரம் போகவும் சரியாக இருந்தது. லேப்டாப் பேட்டரியில் ஓடியது. குனிந்து திரையைப் பார்த்தாள்.

சாய்ந்த கோட்டைக் காணோம். பொட்டென்று போய்விட்டது. விறைப்புக் கோடு மட்டும் அப்படியே நின்றுகொண்டிருந்தது.

'போச்சு. குரலை நிறுத்திட்டாங்க. தெளிவாக் கேக்கணும்னு ஓடி ஓடி, கேட்டதையும் கோட்டை விட்டுட்டேனே' என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். கண் கலங்கிவிட்டது. அந்த விறைப்புக் கோட்டைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டிடம் முழுக்க மின்சாரம் இல்லை. ஃபிரிட்ஜ் இல்லை, டிவி இல்லை, துணி மெஷின் இல்லை. இன்னும் எதைத் தின்று இது உயிரோடு நிற்கிறது?

அப்போதுதான் அவளுக்கு முதுகுத்தண்டில் எறும்பு ஊர்ந்தது.

மின்சாரம் நின்றதும் செத்தது எது? சாய்ந்த கோடு. அப்படியானால் சாய்ந்ததுதான் வீடு. லேப்டாப்பில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். 'நகர்வுத் திருத்தம்' என்ற கட்டத்தில் ஒரு சின்ன டிக் இருந்தது. அவளே போட்டதுதான். முந்தின நாள் இணையத்தில் பழக்கமான ஒருவர் யோசனை சொல்லியிருந்தார். அத்தை போகும் பாதையை முன்கூட்டியே லேப்டாப்புக்குச் சொல்லிவிட்டால், அது அந்தச் சாய்வைத் தானே கழித்துவிடும், கோடு நேராக நின்று கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் என்று. ஆகா என்று டிக்கைப் போட்டுவிட்டு, விடிந்ததும் சந்தோஷத்தில் சுத்தமாக மறந்துபோனாள். வானம் நிமிர்ந்தால் வீடு சாயத்தானே செய்யும்! இவ்வளவு நேரம் அத்தை என்று அவள் உருகியது நாத்தனார் வீட்டுத் துணி மெஷினைப் பார்த்து. சனியன் என்று திட்டியது அத்தையை.

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். ஆனால் வெண்ணெய் இன்னும் கையில் இருந்தது.

"அத்தைதான்! இதுதான் அத்தை!" என்று எழுந்து குதித்தாள். அந்த நேரம் பார்த்து நாத்தனார் படியேறி வந்து சேர்ந்தாள்.

"அண்ணி, மெயினை உடனே போடணும். அண்ணன் சாப்பிட வந்தவரு லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டாரு!"

மொட்டைமாடிக் கதவுக்குப் பக்கத்தில் மூடியிருந்த லிஃப்ட் கதவுக்குள்ளிருந்து மாஸ்டரின் குரல் கேட்டது. "யாராவது இருக்கீங்களா? என்னால எவ்வளவு நேரம்தான் பிரேக்கை மிதிச்சுக்கிட்டே நிக்க முடியும்?"

நாத்தனார் கீழே ஓடத் திரும்பினாள். அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள் குடை அக்கா.

"போடாத! உன் மெஷின் ஓடினா மறுபடியும் உள்ள புகுந்துடும்."

"அங்க இருக்கறது உங்க புருஷன், அண்ணி!"

"அவரு நாளைக்கும் இருப்பாரு. அத்தை இருக்க மாட்டாங்க!"

நாத்தனார் அங்கேயே நின்றுவிட்டாள். குடை அக்கா ஒலியை முழுக்கத் திறந்தாள். சற்று முன் 'ஙீ' என்று அலறிய அதே ஒலிதான். இப்போது கேட்டால் மெலிசாக, தம் பிடித்து ஒரே சுருதியில் இழுக்கிற ஒரு கிழவியின் குரல். ஃபிரிட்ஜ் பல்பு அளவு பலம். இத்தனை வருஷம். அத்தனை தூரம். அது வந்து, அவள் தைத்த தையலில் விழுந்து, அவள் காதில் ஒலித்தது. சந்தோஷத்தில் அவளுக்கு நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு, ஒயர் எட்டிய மட்டும் லிஃப்ட் கதவுப் பக்கம் நீட்டினாள்.

"என்னங்க! கேக்குதா?"

உள்ளே அவர் கதவுப் பக்கம் நகரும் சத்தம் கேட்டது. பிறகு, "கேக்குதுடி! நிஜமாவே கேக்குது! அவங்களா?" என்றார் மாஸ்டர். குரலில் கிண்டலே இல்லை. கொஞ்சம் பொறுத்து, "வாங்கன்னு சொன்னியா?" என்று கேட்டார்.

அவளுக்குச் சுருக்கென்றது. வீடு தேடி வந்தவள் வந்ததிலிருந்து நடுக்கூடத்தில் நிமிர்ந்து நின்றுகொண்டிருக்கிறாள். அவளை விட்டுவிட்டு, திருடன் புகுந்த மாதிரி வீடு பூராவும் தேடியிருக்கிறார்கள். வாங்க என்று ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. தான் சொல்வது அங்கே கேட்காது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? இங்கிருந்து ஒரு சொல்லும் போகாது. இருந்தாலும் குடையைப் பார்த்து, கணீரென்று சொன்னாள்.

"வாங்க அத்தை."

மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒலி இழுத்துக்கொண்டே இருந்தது. நாத்தனார் எப்போது முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள் என்று தெரியவில்லை, பெரியவர்கள் முன்னால் நிற்பதுபோல நின்றுகொண்டிருந்தாள்.

"இதோட எப்ப நிறுத்துவாங்க அண்ணி?" என்றாள் மெதுவாக.

"எந்த நிமிஷமும்."

"அப்புறம் பேசவே மாட்டாங்களா?"

"மாட்டாங்க. ஆனா சுத்திக்கிட்டேதான் இருப்பாங்க. நாமெல்லாம் போன பிறகும்."

நாத்தனார் குடைக்குப் பக்கத்தில் போனாள். அந்தக் கம்பி வலையின் ஓரத்தை இரண்டு விரலால் தொட்டாள்.

"போயிட்டு வாங்க" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் ஒலி நின்றது. திரையில் கோடு அறுந்து, கீழே இறங்கி, நீல மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. குடை அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெயினைப் போடக் கீழே போனாள். சற்றைக்கெல்லாம் மின்சாரம் வந்தது. லிஃப்ட் உறுமி மேலே ஏறி, கதவு திறந்து, சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்த மாஸ்டர் வெளியே வந்தார்.

"போயிட்டாங்களா?"

"ம். உங்க தங்கச்சிதான் வழியனுப்பி வெச்சா."

"யாரு, அவளா?" என்றவர் குடையைப் பார்த்தார். "சரி, இதை எப்ப கழட்டணுமாம்?"

லேப்டாப் திரையில், நீல மழைக்குள், ஒரு கோடு மெல்லச் சாய்ந்து இறங்கத் தொடங்கியது. கீழே துணி மெஷின் மறுபடியும் சுற்ற ஆரம்பித்திருந்தது.

"அதைப் பத்தி ஒண்ணும் சொல்லாமப் போயிட்டா" என்றாள் அவள். "வாங்க, இந்தப் பக்கத்தைப் பிடிங்க. சொன்ன வார்த்தையைக் காப்பாத்தணும்."

இருவரும் நாற்காலியின் முதல் கட்டை அவிழ்ப்பதற்குள் படியில் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது. நாத்தனார் துணி நிறைந்த வாளியோடு திரும்பி வந்தாள். குடையைத் தாண்டிப்போய், கொடியில் அது நிற்கும் இடத்தை மட்டும் விட்டுவிட்டு, ஈரத் துணியை உதறிக் காயப்போட ஆரம்பித்தாள்.

"அடுத்து யாரு வர்றாங்க அண்ணி?" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.