மணிக்குத் தொண்ணூறு விரிப்பு

குறைந்தபட்சக் கூலியை அரசு உயர்த்திய அன்று, ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் அந்தக் கம்பெனியின் முதலாளி எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். சோப்புத் தூளைக்கூட ஸ்பூனால் அளந்து கொடுக்கிற மனுஷர். அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். யார் சுதாரித்தார்கள்? ஆளுக்கு இரண்டாக வாயில் போட்டுக்கொண்டு வேலைக்குத் திரும்பினார்கள்.

மடிப்பு மேசையில் ஒன்பது வருஷமாக அக்காவும் தங்கையும் ஜோடி. அங்கே அவர்களுக்குப் பெரியவள், சின்னவள் என்றுதான் பெயர். இரண்டு வயதுதான் வித்தியாசம், முகம் ஒரே அச்சு. பெரியவளுக்குக் குழந்தை பிறந்த மாதத்தில்தான் கூலி உயர்ந்தது. அவள் கணவன் குழந்தையின் முகத்தைப் பார்க்கும் முன்பே கம்பி நீட்டியிருந்தான். இனி ஒருத்தி சம்பளத்தில் வீடு ஓடும், நீ குழந்தையைப் பார்த்துக்கொள் என்று சின்னவள் தைரியமாகச் சொன்னாள்.

அடுத்த வாரம் சுவரில் புதுக் கடிகாரம் வந்தது. கைக்கடிகாரம், செல்போன் எல்லாவற்றையும் வாசலில் ஒரு பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். நீராவி பட்டால் கெட்டுவிடுமாம், அப்படி ஓர் அக்கறை.

விரிப்பு மடிப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, உதறி, பாதியாக்கி, எதிரும் புதிருமாக நடந்து வந்து முனைகளை ஒருத்தி கையில் ஒருத்தி கொடுக்க வேண்டும். பத்து முடிந்தால் கம்பியில் ஒரு கிளிப்பை நகர்த்துவார்கள். அக்கா ஏற்படுத்திய பழக்கம் அது. ஒன்பது கிளிப் நகர்ந்தால் ஒரு மணி நேரம். ஒன்பது வருஷத்தில் ஒரு நாளும் அது பிசகியதில்லை.

புதுக் கடிகாரம் வந்த பிறகு, பன்னிரண்டாவது கிளிப்பில்தான் ஒரு மணி நேரம் ஆனது. கூலி உயர்ந்த சந்தோஷத்தில் கை வேகமாகிவிட்டது என்று சின்னவள் நினைத்தாள். மறுமாதம் இருபது கிளிப். வருஷக் கடைசியில் ஐம்பது. மதிய இடைவேளைக்கு முன்பே மூன்று முறை வயிறு கிள்ளியது. எல்லோரும் நான்கு டப்பா சாப்பாடு கொண்டுவர ஆரம்பித்தார்கள். துணி மூட்டைகளின் மேல் முறை வைத்துத் தூங்கினார்கள். எழுந்து பார்த்தால் பெரிய முள் கால் வட்டம் நகர்ந்திருக்கும். எட்டு மணி நேரம் முடிந்து வெளியே வந்தால் மாலை வெயில் எப்போதும் விழும் சுவரில்தான் விழுந்திருக்கும். ஆறு மணி பஸ் ஆறு மணிக்கே வரும்.

புகார் போகாமல் இல்லை. தொழிலாளர் துறை அதிகாரி வந்து, வாசலில் நின்றபடியே தன் கைக்கடிகாரத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு நொடிகூட வித்தியாசம் இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். உள்ளே ஒரு கால் வைத்திருந்தால் தெரிந்திருக்கும், பாவி.

சின்னவள் சூப்பர்வைசரிடமே நேராகக் கேட்டாள். அவர் மீசை வருஷ ஆரம்பத்தில் கருகருவென்று இருந்தது. இப்போது பஞ்சு.

"மணிக்குக் கூலி எவ்வளவுன்னுதாம்மா சட்டத்துல போட்டிருக்கு. ஒரு மணி நேரம் எவ்வளவு நீளம்னு யாரும் போடலை," என்றார். அதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. முற்றத்துக்கு அப்பால் இருந்த முதலாளியின் கண்ணாடி அறையை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

இதில் எதையும் அவள் வீட்டில் மூச்சு விடவில்லை. அக்காவுக்குத் தெரிந்தால் வேலையை விடச் சொல்வாள். விட்டால் அடுப்பு எரியாது. நாலு டப்பாவைப் பற்றிக் கேட்டதற்கு, கூட வேலை செய்பவர்களுக்கு என்று புளுகி வைத்தாள்.

குழந்தைக்கு இரண்டரை வயதானபோது பக்கத்து வீட்டுக்குப் புதிதாக ஒருத்தி குடிவந்தாள். சின்னவளைக் காட்டி, "இவங்க உங்க அக்காவா?" என்று பெரியவளிடம் கேட்டாள். கேட்டுக்கொண்டிருந்த குழந்தை மறுநாள் கதவைத் திறந்து, சித்தியின் காலைக் கட்டிக்கொண்டு, "பெரியம்மா வந்தாச்சு" என்றது. சின்னவள் சிரித்துச் சமாளித்தாள். பெரியவள் சிரிக்கவில்லை.

தங்கையை இழுத்துப்போய்க் கண்ணாடி முன் நிறுத்தி, வகிடு பிரித்துப் பார்த்தாள். இரண்டு முகத்தையும் ஒட்டவைத்துப் பார்த்தாள். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. கிளிப் கணக்கு, மூட்டை மேல் தூக்கம், மீசை எல்லாவற்றையும் சின்னவள் கொட்டிவிட்டாள். கேட்டு முடித்த பெரியவள் போய் நாலு டப்பாவையும் கழுவினாள்.

காலையில் சின்னவள் கண் விழித்தபோது டப்பாக்களும் இல்லை, வேலை அட்டையும் இல்லை. குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினாள். கம்பெனி வாசலில் அக்காவை எட்டிப் பிடித்தாள். அட்டையில் இருக்கும் முகமும் அக்கா முகமும் ஒன்றுதான், காவலாளி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"குழந்தையைத் தூக்கிட்டு வீட்டுக்குப் போ," என்றாள் பெரியவள். "எனக்கு முன்னாடி உன்னை வயசாக விட்டுடுவேனா? நான்தான் மூத்தவ."

சின்னவள் அழுதாள். கெஞ்சினாள். பெரியவள் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஏழெட்டு மாதம் பெரியவள் போய்வந்தாள். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரி, முன்பு ஆள் மாற்றிச் சொல்லிவிட்டேனே என்று வருத்தப்பட்டாள். குழந்தை சின்னவளை மறுபடி 'சித்தி' என்று கூப்பிட்டது. அதைக் கேட்டுப் பெரியவள் பையைக் கீழே வைத்துவிட்டு, வாசற்படியிலேயே உட்கார்ந்து வெகுநேரம் சிரித்தாள். அவள் முன்பற்களில் ஒன்று விழுந்திருந்தது.

அன்றிலிருந்து முறை வைத்துக்கொண்டார்கள். ஒரு வாரம் அவள், ஒரு வாரம் இவள். இரண்டு வயது வித்தியாசம் குறையக் கூடாது, கூடவும் கூடாது. அட்டையும் டப்பாவும் மட்டும் கை மாறும். எதிரும் புதிருமாக நடந்து முனைகளைக் கொடுத்து வாங்கிய பழக்கம் அதற்கு உதவியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் குழந்தையைக் கதவு நிலையில் சாய்த்து நிறுத்தி, தலைக்கு மேல் பென்சிலால் கோடு போடுவார்கள். பள்ளிக்கூடம், வேலை என்று அது தன் காலில் நிற்கும்வரை எப்படியாவது தாக்குப்பிடித்தால் போதும். போன வாரம் கோடு போட்டுவிட்டு, இருவரும் கண்ணைச் சுருக்கி மாறி மாறிக் குனிந்து பார்த்தார்கள். குழந்தைக்கு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது; புதுக் கோடு பழைய கோட்டின் மேலேயே விழுந்திருந்தது.

"அசையாம நில்லுடா கண்ணு," என்று சின்னவள் மறுபடி பென்சிலை எடுத்தாள்.