ஒன்று குறைத்து எழுதியவன்

1

[அன்று மாலை ஆறு மணிக்கு என் மனைவி "சைபர்" என்றாள்.]

அன்று மாலை ஆறு மணிக்கு என் மனைவி "ஒண்ணு" என்றாள். நான் நோட்டில் 0 என்று எழுதினேன். பிறகு அவள் காய்ந்த துணிகளை மடித்தாள். ஜோடி சேராத காலுறை ஒன்றை என் மேல் எறிந்து, "இதுக்கு ஒரு துணை தேடுங்க" என்றாள். தேடினேன், கிடைக்கவில்லை. மறுநாள் காலை பல் துலக்கப் போனவள் குளியலறை வாசலில் சரிந்தாள். இதயம் என்றார்கள். ஆம்புலன்ஸ் வரும்வரைகூட அது காத்திருக்கவில்லை.

இந்தக் கதை அந்தச் சைபரிலிருந்து பிறந்தது. அடைப்புக்குறிக்குள் நீங்கள் பார்ப்பது என் முதல் வரைவு. அதில் அவளே "சைபர்" என்று சொல்லிவிடுகிறாள்; எனக்கு ஒரு சிக்கலும் இல்லை. எழுதிவிட்டுப் பேனாவை மூடிய பிறகுதான் உறைத்தது: அதே எண்ணை இரண்டாம் முறையாக மாற்றுகிறேன், இந்தத் தடவை கதை என்ற பெயரில்.

ஆகவே ஒரு விதி வைத்துக்கொண்டேன். அடித்த வரிகள் அடைப்புக்குறிக்குள் அப்படியே இருக்கும். விதி என் கண்டுபிடிப்பு அல்ல. ஒரு நர்ஸ் சொல்லிக்கொடுத்தது. அவர் மூன்றாம் பகுதியில் வருவார்.

2

[என் மனைவி பொறுமையின் மறு உருவம்.]

பள்ளிக்கூட வேன் ஓட்டியவளுக்கு அவ்வளவு பொறுமை ஏது? குறுக்கே வருகிற லாரிக்காரனின் மூன்று தலைமுறையையும் விசாரித்துவிட்டுத்தான் கியரை மாற்றுவாள். பின்னால் பதினான்கு பிள்ளைகள் இருந்தால் மட்டும் சத்தம் வராமல் உதட்டை அசைப்பாள். பிள்ளைகள் அந்த உதட்டசைவையும் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டதாக ஒரு தாய் வந்து புகார் சொன்னது உண்டு.

நான் தண்ணீர் மீட்டர் படிக்கும் வேலையில் முப்பத்தோரு வருடம் இருந்தவன். வீடு வீடாகப் போய், மூடியைத் திறந்து, எண்ணைப் பார்த்து, அதை மட்டும் எழுதிக்கொண்டு வர வேண்டும். கோபம் வந்தால் அவள் என்னை "மீட்டர்" என்பாள். ஆசையாகக் கூப்பிட்டாலும் "மீட்டர்"தான். குரலை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும்.

ஒரு நாள், பிள்ளைகளையெல்லாம் இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், வேனை ஓரங்கட்டிவிட்டு எனக்குப் போன் செய்தாள். "ரோடு சுத்துதுங்க. நான் நிக்கிறேன், ரோடுதான் சுத்துது."

காது மூக்கு தொண்டை டாக்டர் அதற்கு மெனியர் நோய் என்று பெயர் சொன்னார். உள்காதில் இருக்கும் நீரின் அளவு கெட்டுப்போவதால் வருவதாம். இடது காதில் ஓயாத இரைச்சல். அந்தக் காது மெல்ல மந்தமாகும். சொல்லாமல் கொள்ளாமல் தலைசுற்றல் வரும். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் இப்போதைக்கு வேன் ஓட்டக் கூடாது என்றார்.

"உயிருக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டு வேனைப் புடுங்கிட்டாரே" என்றாள், வெளியே வந்ததும்.

அன்றிலிருந்து நான் அவளுக்கு வலப்பக்கமே நடந்தேன், வலப்பக்கமே உட்கார்ந்தேன். இடப்பக்கமிருந்து பேசினால் சுவரோடு பேசுவதுதான்.

3

அந்த மருத்துவமனையில் ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. செவிப்பறை வழியாக நடுக்காதுக்குள் ஊசி போடுவார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, ஊசி போடும் டாக்டருக்கும் தெரியாது. கணினி குலுக்கிப் போட்டு, விடையைப் பூட்டிவைத்துக்கொள்ளும். கடைசி நோயாளியின் கடைசி நாள் முடிந்த பிறகுதான் பூட்டு திறக்கும்.

"அப்போ எனக்கு வெறும் உப்புத்தண்ணிகூட வரலாம்?" என்றாள்.

"வரலாம்க்கா" என்றார் ஆய்வு நர்ஸ்.*

"பரவால்ல. இத்தனை நாள் என் காதுல உப்பு கம்மியா இருந்திருக்கும்." கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "ஆனா கடைசில எது போச்சுன்னு எனக்குச் சொல்லிடணும்."

"கண்டிப்பா சொல்லுவோம்."

"நான் மறந்தா நீங்க கேளுங்க, மீட்டர்."

நர்ஸ் ஒரு நோட்டைக் கொடுத்தார். தினமும் மாலை ஆறு மணிக்கு அன்றைய தலைசுற்றலுக்கு ஓர் எண் எழுத வேண்டும். சுற்றலே இல்லை என்றால் 0. படுத்த படுக்கையாக வாந்தி எடுத்தால் 4.

"தப்பா எழுதிட்டா ரப்பர் போடக் கூடாது, வைட்னர் கூடவே கூடாது. மேலேயே கிறுக்கி மறைக்கவும் கூடாது. ஒரே ஒரு கோடு. கீழ என்ன இருந்துச்சுன்னு தெரியணும். பக்கத்துல சரியான நம்பர், யார் திருத்தினாங்க, என்னைக்கு. அவ்வளவுதான். தப்பு பண்ணலாம் அண்ணா, ஒளிச்சு வைக்கத்தான் கூடாது."

* முந்தைய வரைவில் நர்ஸின் முகத்தை நான்கு வரிகளில் வர்ணித்திருந்தேன். முகக்கவசம் இல்லாமல் நான் அவரைப் பார்த்ததே இல்லை. அடித்துவிட்டேன்; விதிக்கு இது ஒன்று மட்டும் விலக்கு.

4

முதல் நான்கு வாரம் ஊசி கிடையாது, நோட்டு மட்டும். நோய் எந்த உயரத்தில் நிற்கிறது என்று தெரிந்தால்தானே, பிறகு எவ்வளவு இறங்கியது என்று சொல்ல முடியும்.

முதல் நாள் மாலை அவள், பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளியோடு, தரையில் படுத்திருந்தாள். கண்ணை எடுக்காமல் கதவின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஒன்றுதான் அசையாமல் நிற்கிறதாம். பேனா பிடிக்க முடியவில்லை.

"எழுதுங்க. நாலு."

நான் 3 என்று எழுதினேன்.

ஏன்? [அன்பினால்.] பயத்தினால். நாலு என்று எழுதினால், இந்த அம்மா தேறமாட்டாள் என்று ஆய்விலிருந்து கழற்றிவிட்டுவிடுவார்கள் என நினைத்தேன். யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. முப்பத்தோரு வருடத்தில் ஒரு வீட்டு எண்ணைக்கூடக் கூட்டியோ குறைத்தோ எழுதாதவன், என் சொந்த வீட்டில் குறைத்தேன். ஒரு முறை செய்ததும் அதுவே பழக்கமாகிவிட்டது. மூன்று என்றால் இரண்டு, இரண்டு என்றால் ஒன்று. பொய்யிலும் நான் மீட்டர்க்காரன்தான்: ஒரே அளவு, ஒரு நாள் தவறாமல்.

ஊசி போட்டார்கள். வாரங்கள் போகப் போக அவள் சொல்லும் எண் இறங்கியது. மூணு. ரெண்டு. ரெண்டு. ஒண்ணு. பிறகு ஒரு மாலை, வெங்காயம் நறுக்கிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், "சைபர்" என்றாள். நானும் சைபர் எழுதினேன். அதற்குக் கீழே எண் இல்லையே.

5

அவள் போன பிறகு, ஆய்வைக் கண்காணிக்கும் குழு காகிதங்களைப் பார்த்து, ஊசிக்கும் இதயத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று சொன்னது. நோட்டை முடிந்தபோது கொண்டுவந்தால் போதும், அவசரமில்லை என்றார் நர்ஸ்.

அதற்கு முன்னால் மெக்கானிக் வந்தார். வேனை ஐந்து மாதமாக அவர்தான் வாரம் ஒரு முறை கிளப்பி அணைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டியை என்ன பண்ணப் போறீங்க அண்ணா?"

"தெரியல."

"டேஷ்போர்டுல அக்காவோட டீசல் நோட்டு இருக்கு. அதையாவது எடுத்து வச்சுக்குங்க."

தேதி, கிலோமீட்டர், டீசல், குறிப்பு என்று நான்கு கட்டம். ஓடாத வேனுக்கு அவள் தினமும் கணக்கு எழுதியிருந்தாள். கிலோமீட்டர் 84,216. மறுநாளும் 84,216. நான் பழகிய வேலை. அசையாத மீட்டரைப் பார்த்தால் வீட்டில் ஆள் இல்லை என்று எழுதுவோம். ஆனால் குறிப்புக் கட்டத்தில் ஓர் எண் இருந்தது. 4. 4. 3. 4. காலையில் வேன் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வருகிறேன் என்று அவள் கீழே போனதெல்லாம் முந்தின நாள் எண்ணை எழுதத்தான்.

முதல் பக்கத்தின் மேலே, சின்ன எழுத்தில்: "மீட்டர் ஒன்று குறைத்து எழுதுகிறார். கேட்டால் அழுதுவிடுவார். சரியான எண் இங்கே."

நான் வேன் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். மெக்கானிக் எதற்கோ இன்ஜினைத் திறந்து உள்ளே தலையை விட்டுக்கொண்டார்.

கடைசி மூன்று வாரத்தில் கிலோமீட்டர் நகர்ந்திருந்தது. 84,217. 84,219. 84,224.

"இது என்ன?"

தலை வெளியே வந்தது. "உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. பெரிய சுத்தல் வராம இருந்தா, காலி மைதானத்துல பக்கத்துல ஆள் வச்சு ஓட்டிப் பார்க்கலாம்னு டாக்டர் சொன்னாராம். நான்தான் அந்த ஆள்."

"பயமா இல்லையா?"

"கதவைப் பிடிச்ச கையை விடவே இல்ல. சுத்தலுக்கு இல்லண்ணா. அக்கா எப்பவுமே அப்படித்தானே ஓட்டுவாங்க." மூக்கை உறிஞ்சினார். "ஒரு நாள் நீங்க பேப்பர் படிக்கப் போற லைப்ரரி வாசல்ல வந்து ஹாரன் அடிக்கப் போறேன்னு சொல்லிட்டு இருந்தாங்க."

6

இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன்.

அவள் நோட்டில் முதல் மாதம் நாலு. கடைசி வாரங்களில் சைபரும் ஒன்றும். என் நோட்டில் முதல் மாதம் மூன்று. கடைசியில் எல்லாமே சைபர். அடிமட்டம் எனக்கும் அவளுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். உச்சியைத்தான் நான் வெட்டியிருந்தேன். அவள் ஏறி இறங்கிய மலையில் ஒரு மாடி உயரத்தைக் காணோம். நான் குறைத்தது அவளுடைய நோயை இல்லை, அவள் குணமானதை.

அப்படியே கொடுத்தால், ஊசி கொஞ்சம்தான் வேலை செய்தது என்று என் நோட்டு சாட்சி சொல்லும். இனி இந்த நோயோடு வரப்போகிறவர்களிடமும் அதையே சொல்லும். உண்மையைச் சொன்னாலோ, இந்த வீட்டுக் கணக்கே நம்பத் தகாதது என்று அவளுடைய நூற்று அறுபத்தொரு நாளையும் குழு தூக்கி எறிந்துவிடக்கூடும். அவ்வளவு வாந்தியும், அவ்வளவு கதவுக் கைப்பிடியும் வீண்.

[அன்றே ஓடிப்போய் உண்மையைச் சொன்னேன்.] ஒன்பது நாள் கழித்துப் போனேன்.

7

"சிஸ்டர், நான் நோட்டுல பொய் எழுதிட்டேன்."

"எத்தனை நாள்?"

"நூத்தி இருபத்தெட்டு."

அவர் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "வைட்னர் போட்டீங்களா?"

"இல்ல."

"அப்போ பேசலாம். உக்காருங்க."

டீசல் நோட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். அவள் கையெழுத்து, தேதி வாரியாக, மறுநாள் காலையே எழுதியது. "இது நல்ல ஆதாரம்" என்றார். "ஏத்துக்கறதும் ஏத்துக்காததும் என் கையில இல்ல, குழுதான் சொல்லணும். ஆனா எழுதின ஆள்தான் திருத்தணும். நான் தொட மாட்டேன்." பேனாவை என் பக்கம் தள்ளினார்.

இரண்டு நாள் காலைப் பொழுது ஆனது. ஒரு கோடு, பக்கத்தில் சரியான எண், என் கையெழுத்துச் சுருக்கம், தேதி. நர்ஸ் எதிரில் உட்கார்ந்து அவளுடைய எண்ணை வாசிப்பார், நான் என்னுடையதை அடிப்பேன். ஐம்பதாவது கோட்டில், "கையெழுத்து கோணுது, டீ குடிச்சிட்டு வாங்க" என்று எழுப்பிவிட்டார். நூற்று இருபத்தேழு முடிந்தது.

கடைசி வரி. அன்று மாலை 0.

"இதுக்கு டீசல் நோட்டுல எதுவும் இல்லையே" என்றார்.

"மறுநாள் அவ கீழ இறங்கவே இல்ல."

அவர் எழுந்தார். "ஜெராக்ஸ் எடுத்துட்டு வரேன்" என்று டீசல் நோட்டோடு வெளியே போனார்.

இங்கே இரண்டு முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

[நான் அந்தச் சைபரை விட்டுவைத்தேன். கடைசி நாளில் அவள் முழுக்கக் குணமாகியிருந்தாள். கேட்பதற்கு யாரும் இல்லை. ஒரு சின்னப் பொய், அவளுக்கு நான் கொடுத்த பூ.]

அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் என்னிடம் சொன்ன கடைசி எண் அது. காலுறைக்குத் துணை தேடச் சொல்வதற்கு முன்னால், தன் உடம்பைத் தானே நிதானமாகப் பார்த்து, ஒன்று என்று சொல்லியிருந்தாள். கோடு போட்டேன். 1 என்று எழுதினேன். நூற்று இருபத்தெட்டு.

நர்ஸ் திரும்பி வந்து பார்த்தார். வெறும் கையோடுதான் வந்திருந்தார் என்பதைப் பிறகு கவனித்தேன். டீசல் நோட்டு அவர் மேசை ஓரத்திலேயே இருந்தது.

கையோடு எடுத்துப் போனார் என்று மேலே எழுதியிருக்கிறேன். எனக்கு அப்படித்தான் ஞாபகம். திருத்தவில்லை.

8

குழுவிடமிருந்து கடிதம் வந்தது. அவளுடைய நாட்கள் ஆய்வில் இருக்கும். திருத்தங்களோடு ஒரு முறையும், அவளை விட்டுவிட்டு ஒரு முறையுமாகக் கணக்குப் போட்டு, இரண்டையும் வெளியே சொல்வார்களாம். அடித்ததும் தெரியும், திருத்தியதும் தெரியும். எனக்கு அது போதும்.

மருந்தா, உப்புநீரா? இந்தக் கதைக்கு ஒரு முடிவு நிஜமாகவே இருக்கிறது. ஆனால் அது கணினிக்குள் பூட்டிக் கிடக்கிறது. திறக்க இன்னும் பதினோரு மாதம். மருந்து என்றால், அவள் காதால் சிலருக்கு வேன் திரும்பக் கிடைக்கலாம். உப்புநீர் என்றால், எட்டு கிலோமீட்டரும் அவள் தானாக ஓட்டியவை, அதைக் கேட்டிருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாள். உங்களுக்குப் பிடித்ததை எழுதிக்கொள்ளுங்கள். பென்சிலில் வேண்டாம். பிறகு மாற்ற நேர்ந்தால் ஒரு கோடு போதும். நான் மறக்காமல் கேட்பேன்.

இப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு திங்கட்கிழமை ஆய்வு அறைக்குப் போகிறேன். புதிதாகச் சேர்கிறவர்களின் வீட்டாருக்கு நோட்டு எழுதும் முறையைச் சொல்லிக்கொடுக்கச் சொல்லி நர்ஸ் கேட்டார். "இவர் நூத்தி இருபத்தெட்டு தப்பு பண்ணவர், இவரைவிட யாருக்குத் தெரியும்" என்றுதான் அறிமுகம் செய்கிறார். போன வாரம் ஒரு கணவன் கேட்டான், "நாலுன்னு எழுதினா வெளிய அனுப்பிடுவாங்களா சார்?"

"அனுப்ப மாட்டாங்க" என்றேன். "அவங்க நாலுன்னா நாலு."

கதவுக்கு வெளியே ஒரு மர பெஞ்ச் இருக்கிறது, இரண்டு பேர் உட்காரலாம். நான் வலது ஓரத்தில் உட்காருகிறேன்.